முள்கரண்டியில் சாப்பிட்டால் கணக்கில் வருமா?

கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டெல்லாவிடம் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் சமைத்துக் காட்டச் சொல்லிவிட்டார்கள்.

பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு, இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் அனுமதித்திருந்தார்கள். ஸ்டெல்லா வந்தவாசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் ஆரணியில் ஒரு டூவீலர் ஷோரூமில் கணக்கு எழுதுகிறவன். அதற்கு முன்னால் கொஞ்ச நாள் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் இருந்தேன். அங்கே என்ன வேலை என்று அவள் கேட்டாள். பில் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"கிச்சன்லதாங்க. ஸ்டேக் எல்லாம் நம்ம கைதான்."

"அப்படின்னா?"

"மாட்டுக்கறிய பெரிய துண்டா அப்படியே கல்லுல போட்டு எடுக்கறது. வாயில வச்சா வெண்ண மாதிரி கரையும்."

எனக்கும் அந்த ஸ்டேக்குக்கும் இருந்த உறவு இவ்வளவுதான்: பில் போடும் இடத்துக்கும் கிச்சனுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. அந்தக் கண்ணாடி வழியாகப் புகையைப் பார்த்திருக்கிறேன். (வாசனைகூட இந்தப் பக்கம் வராது, ஏசி.)

அவள் அதை அவங்க அப்பாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாள். அவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர், சாப்பாட்டு விஷயத்தில் நாக்கு நீளமான மனிதர். "வீடு பாக்க வர்ற அன்னிக்கு தம்பி கையால அத்த சாப்ட்டுப் பாத்துடலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரும்போது டீ, காபி குடிப்பார்கள், பிஸ்கட்டைக் கடிப்பார்கள். சாப்பாட்டில் மட்டும் உட்கார மாட்டார்கள். எல்லாம் பிடித்து, பேசி முடித்த பிறகுதான் கை கழுவிக்கொண்டு சோற்றில் கை வைப்பார்கள். கை நனைத்தாயிற்று என்றால் சம்பந்தம் முடிந்தாயிற்று, அதற்குமேல் யாரும் பேச்சு மாற முடியாது. இதற்கு முன்னால் போளூரிலிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். காபி குடித்தார்கள், வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், போன் பண்ணுகிறோம் என்று எழுந்துபோனார்கள். அந்தப் போன் வரவே இல்லை. ஆக்கி வைத்த பிரியாணியை அம்மா அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு அன்றைக்குப் பட்டினி படுத்தாள். இந்த முறையும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் அம்மாவுடைய ஒரே ஜெபம். என்னுடையதும்தான். எனக்கு ஸ்டெல்லாவை ரொம்பப் பிடித்திருந்தது.

கறிக்கடை பாயிடம் போய் அண்டர்கட் வேண்டும் என்றேன். ஓட்டல் பில்லில் படித்த வார்த்தை, மாட்டிலேயே ரொம்ப மெதுவான கறியாம்.

"அண்டர்கட்டா? அது விடியறதுக்குள்ள பெங்களூர் ஓட்டலுக்குப் போயிடும் தம்பி. நம்மூரு ஜனங்க அத்த கண்ணால பாத்ததில்ல."

ராத்திரி போனில் வீடியோ தேடினேன். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், விலை உயர்ந்த கறியெல்லாம் ஏமாற்று, யாரும் சீண்டாத மலிவான இடங்களில்தான் ருசி இருக்கிறது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். விலா எலும்புக்கு உள்பக்கம் திரை போலத் தொங்கும் தசை ஒன்று, தோள்பட்டை எலும்பை ஒட்டிய சதை ஒன்று. உப்புத் தடவித் திறந்தே வைத்து மேல் ஈரம் காய்ந்ததும், சூடான கல்லில் போட்டுச் சட்டென்று எடுக்க வேண்டும். கடைசியில் அவர் இன்னொன்றும் சொன்னார். கறி நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே மெல்லிசாக அறுக்க வேண்டுமாம். அதற்குள் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதால் வீடியோவில் அந்த இடத்தை ஓட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மறுபடியும் கடை. எனக்கு வேண்டிய இடத்துக்கு என்ன பேர் என்று தெரியவில்லை. சட்டையைத் தூக்கி, என் விலாவைத் தொட்டுக் காட்டினேன்.

"இங்க பாய். இதுக்கு உள்ளார."

பாய் கத்தியைக் கீழே வைத்தார். "வலிக்குதா தம்பி?"

வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் சபை மூப்பர் நின்றிருந்தார். "கேஸா இருக்கும், சீரகத் தண்ணி குடி" என்றார். நான் விடாமல் ஒரு பக்கமாகத் திரும்பி, தோள்பட்டையையும் தட்டிக் காட்டினேன். பாய்க்கு ஒருவழியாகப் புரிந்தது. "இத்த யாரும் தனியா கேக்க மாட்டாங்களே, கொத்துக்கறியில போட்டுடுவோம்" என்று இரண்டையும் அறுத்துக் கொடுத்தார். விலையும் பாதிக்குப் பாதி. மூப்பர் கடைசிவரை என் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பெரிய தட்டில் கறியைப் பரப்பி, இரண்டு பக்கமும் உப்புத் தடவினேன். ஃப்ரிட்ஜில் இட்லி மாவும் பூவும் அடைத்துக்கொண்டிருந்ததால் ஜன்னலோரம் வைத்து, மேலே முறத்தைக் கவிழ்த்தேன். அம்மா சோறு, ரசம், உருளைக்கிழங்கு மட்டும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கறி முழுக்க என் பொறுப்பு.

"உப்பு போட்டு வச்சிருக்கேன்மா. நல்லா காயணும். பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனேன்.

இந்த மூன்று வாக்கியத்தை எங்கள் தெருவில் யாரிடம் சொல்லியிருந்தாலும் அம்மா செய்ததைத்தான் செய்திருப்பார்கள். திரும்பி வந்தபோது தட்டு காலி. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கயிற்றில், மஞ்சள் பூசிய கறி நீள நீளமாகக் கோத்துத் தொங்கியது. பக்கத்தில் அம்மா குடை பிடித்துக்கொண்டு காக்கா விரட்டிக்கொண்டிருந்தாள். என் ஸ்டேக் உப்புக்கண்டம் ஆகிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க?"

"நீதான உப்பு போட்டுகீறேன், காயணும்னு சொன்ன. அம்மாம் பெரிய துண்டா போட்டா எப்ப காயறது? நான்தான் நீட்டநீட்டமா அறுத்து மஞ்ச தடவி கட்டுனேன். ஆம்பளப் புள்ளைக்கு இன்னா தெரியும், பாவம்னு."

(அந்தப் 'பாவம்'தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது.)

பாய் கடைக்கு வண்டியை விரட்டினேன். கடையைக் கழுவி விட்டிருந்தார்கள். கொஞ்சம் கொழுப்பு இருக்கு, தரட்டுமா என்று கேட்டார். திரும்பி வந்து, கயிற்றில் தொங்கியதில் பாதியை உருவி, மஞ்சள் போகக் கழுவினேன். மஞ்சள் போகவில்லை. அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கண்டக்டர், அவர் மனைவி, அவர் தங்கச்சி வசந்தா அத்தை மூன்று பேரும் இறங்கினார்கள். வசந்தா அத்தை வாசற்படியிலேயே நின்று வீட்டை மேலும் கீழும் அளந்தார்.

நான் அடுப்படிக்குள் ஓடினேன். தோசைக்கல்லைச் சூடுபண்ணி வெண்ணெயைப் போட்டு, கறியை வைத்ததும் எழும்பியது பாருங்கள் ஒரு புகை, ஓட்டலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த புகையெல்லாம் இப்போது என் வீட்டில். கூடத்தில் மூன்று பேரும் இருமினார்கள். கல்லின் மேல் கறி சுருண்டு, முறுக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா போன் பண்ணினாள்.

"என்னங்க, அப்பா சாப்ட்டாங்களா?"

"இல்லங்க, ரெடி ஆயிகினே இருக்குது."

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அப்பாவுக்குப் பல் செட்டுங்க. மேல் வரிசை மொத்தமும்."

"இத்த ஏங்க முன்னாடியே சொல்லல?"

"நீங்கதான வெண்ண மாதிரி கரையும்னு சொன்னீங்க."

போனை வைத்தேன். கறியை விரலால் அழுத்திப் பார்த்தேன். கறி என் விரலைத் தள்ளியது.

இருந்தாலும் ஓட்டல்காரன் என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டுமே. ஷோரூம் மேனேஜர் வீட்டில் இரவல் வாங்கி வந்த முள்கரண்டியும் கத்தியும் வைத்துத் தட்டைக் கொண்டுபோனேன். வசந்தா அத்தை உஷாரானார்.

"அண்ணே, இன்னும் பேசி முடிக்கல. கை நனைக்கக் கூடாது."

"ருசிதான் பாக்கறேன், சோறா துன்றேன்? அதுவும் இதுல எங்க கை நனையுது" என்று முள்கரண்டியைத் தூக்கிக் காட்டினார் கண்டக்டர். ஒரு துண்டைக் குத்தி வாயில் வைத்துக் கடித்தார். விடாமல் கடித்தார். பிறகு கரண்டியை வெளியே இழுத்தார். கறி வந்தது. கறியைக் கடித்தபடியே மேல் பல்வரிசை முழுவதும் கூட வந்தது.

அம்மா சமையலறை வாசலில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் போளூர்க்காரர்கள் எழுந்துபோனது தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"மாமா, நான் ஓட்டல்ல சமைக்கல. பில்லுதான் போட்டேன். ஸ்டெல்லாகிட்ட சும்மா பெருமைக்குச் சொல்லிட்டேன்" என்றேன்.

கண்டக்டர் நிதானமாகக் கறியிலிருந்து பல்லைப் பிரித்தார். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டார். பல் இல்லாத வாயில் சொற்கள் காற்றோடு வந்தன.

"காலமெல்லாம் நான் டிக்கெட் கிழிச்சவன் தம்பி. பில்லு போட்டேன்னு சொல்லியிருந்தா நம்மாளுன்னு சந்தோசப்பட்டிருப்பேன். என்னாத்துக்கு இந்தப் பேஜார்?"

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. கிளம்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து வாசலில் இறங்கினார். ஆட்டோவைத் தேடவில்லை. அண்ணாந்து மொட்டை மாடிக் கயிற்றைப் பார்த்தார்.

"மேல தொங்குறது கண்டமா?"

"இன்னைக்குத்தாங்க கட்டுனேன். இன்னும் சரியா காயல" என்றாள் அம்மா கூச்சத்துடன்.

"அதுவே போதும்மா. அம்மியில வச்சு நல்லா நச்சு, மொளகாத்தூள் போட்டு வறுத்துட்டா பல்லு எதுக்கு?"

அம்மா மாடிப்படியில் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மியில் நான் நசுக்கினேன். சிக்கு எடுக்காத நூல் மாதிரி இருந்த நாரெல்லாம் விட்டுக்கொடுத்துப் பஞ்சாகப் பிரிந்தது. கண்டக்டர் சம்சாரம் கேட்காமலே வந்து வெங்காயம் நறுக்கினார். கறிவேப்பிலையோடு வறுபட்டபோது எழுந்த வாசனையில் வசந்தா அத்தையே அடுப்படிக்குள் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

கண்டக்டர் குழாயடிக்குப் போய் நிதானமாகக் கை கழுவினார். "அண்ணே, பேசி முடிக்கல" என்று அத்தை கடைசி முறையாகச் சொல்லிப் பார்த்தார். "பேச இன்னா இருக்குது? பொய் சொன்னா மூஞ்சில தெரியுது, அப்புறம் தானா ஒத்துக்குது புள்ள. இந்த ஒண்ணு போதாதா?" என்று சொல்லிவிட்டு, சூடான சோற்றில் ரசத்தை ஊற்றி, கறியை வைத்துப் பிசைந்து, ஐந்து விரலும் நனையச் சாப்பிட்டார்.

"இன்னும் கொஞ்சம் வைங்க மாப்ள" என்றார்.

அதுவரை தம்பி. அம்மா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைக்கவில்லை, கை முழுக்க மிளகாய்த்தூள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் வசந்தா அத்தை என் இலைக்குப் பக்கத்தில் ஒரு முள்கரண்டியை வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எங்கே சம்பந்தம் பேசினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கையால சாப்ட்டாங்களா, முள்ளாலயா?" ஞாயிற்றுக்கிழமை நான் கறி வாங்கி வந்தால் ஸ்டெல்லா, "சமைக்கறீங்களா, காயப் போடறீங்களா?" என்பாள். மாமனார் சாப்பிட வந்தால், நான் அடுப்படியிலிருந்து தட்டோடு வந்ததுமே எல்லோரும் பார்க்கப் பல் செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்.

நானும் விடவில்லை. அந்த வீடியோவைக் கடைசிவரை பார்த்தேன். பாயும் இப்போது, "தம்பி, உங்க விலாக்கறி எடுத்து வச்சிருக்கேன்" என்று போன் பண்ணுகிறார். போன கிறிஸ்துமஸுக்கு அதே மலிவான கறியைக் கல்லில் காட்டி எடுத்து, கொஞ்சம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அறுத்து மிளகு தூவிக் கொண்டுபோனேன். மாமனாரின் கை வழக்கம்போல வாய்க்குப் போனது. ஒரு துண்டைப் பார்த்தார். கையைக் கீழே இறக்கினார். முள்கரண்டியை எடுத்துக் குத்தி, பல்லோடே மென்றார். இன்னொன்றும் எடுத்தார். பல் இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது.

"நல்லாருக்குது மாப்ள" என்றார்.

வசந்தா அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முள்ளுலதான சாப்ட்ட அண்ணே, கணக்குல வராது."