தொடங்கியவளுக்கு இடமில்லை

உப்பங்கோட்டை என்றொரு நாடு இருந்தது. எங்கே கிணறு வெட்டினாலும் அங்கே உப்புத் தண்ணீர்தான் ஊறும். அரசர் மகோன்னதவர்மர் நெடுநாள் யோசித்து ஒரு நாள் முரசறையச் சொன்னார்: "புதுத் தொழில் தொடங்குவோர் எத்தேசத்தாராயினும் வருக. ஓராண்டு இங்கே தங்கியிருக்க அனுமதி முத்திரை தரப்படும்."

அதை நம்பி வந்தவள் வஞ்சிக்கொடி. அவள் பிறந்த தீவைக் கடல் கொண்டுபோய்விட்டது. திரும்பிப் போக ஊர் என்று ஒன்று இல்லை. கையில் ஒரு வித்தை மட்டும் இருந்தது. உப்பு நீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து, நல்ல தண்ணீராக இறக்குவாள். சந்தை மேட்டில் செப்புக் கொப்பரைகளை ஏற்றினாள். முதல் வாய் குடித்த உள்ளூர்க்காரி மாடத்தி சிரித்தேவிட்டாள்.

"அக்கா, தண்ணிக்கு ருசியே இல்லியே. இம்புட்டு நாளா இதத்தான் தேடிட்டு இருந்தமா?"

ஊர் தண்ணீர் குடித்தால் அரசாங்கம் சும்மா இருக்குமா? ஆணை வந்தது. அயல்நாட்டார் தொழில் தொடங்கலாம், வேலை செய்யக் கூடாது. செய்தால் உள்ளூரார் பிழைப்பைப் பறித்ததாகும். ஆகவே வஞ்சிக்கொடி கொப்பரையைத் தொடக் கூடாது. அடுப்பைக் கவனிக்க அமைச்சரின் மைத்துனர் வந்தார். வந்த வாரமே பாதிக் கொப்பரைகள் வறண்டு காய்ந்து ஓட்டையாயின. வேறு செம்பு தருவிக்கலாமென்றால், அயல்நாட்டுச் செம்பு நாட்டின் மானத்துக்கு இழுக்கு என்று அடுத்த ஆணை. குடத்தில் வாங்கியவர்கள் சொம்பில் வாங்கினார்கள். "பரதேசி வந்த நேரம்" என்று அவளைப் பார்த்துத்தான் முணுமுணுத்தார்கள்.

ஆண்டு முடிந்தது. முத்திரையைப் புதுப்பிக்க எல்லைக் கச்சேரிக்குப் போனாள். அந்நாட்டில் முத்திரை கொடுக்கும் உத்தியோகம் இலக்கணப் புலவர்களுக்கே. அதிகாரி சொல்லின்வேந்தனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அம்மணி, முத்திரை தொடங்குவோர்க்கு. தொடங்குவோர் என்பது எதிர்காலம். தாங்களோ தொடங்கியவர். அது இறந்தகாலம். இறந்தகாலத்துக்குச் சட்டத்தில் இடமில்லை."

"தொடங்கச் சொல்லித்தானேய்யா கூப்பிட்டீங்க?"

"ஆம். தொடங்கியதுதான் பிழையாகிவிட்டது."

"அப்ப இன்னும் தொடங்கலைன்னு வச்சுக்கோங்க."

"அங்கே தண்ணீர் இறங்குகிறதே. அரசாங்கத்திடம் பொய் சொல்லலாமா? அடுப்பை அணைத்துவிட்டு வாருங்கள். தங்களை எதிர்காலத்தில் சேர்க்க வழி பார்க்கிறேன்."

போக ஓர் இடம் இருந்திருந்தால் அவள் அதைச் செய்திருக்க மாட்டாள். இறக்கி வைத்திருந்த நல்ல தண்ணீரையே அடுப்பில் ஊற்றினாள். மாடத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். அந்தக் குழந்தை சொம்பை நீட்டியபோது வஞ்சிக்கொடி அழுதுவிட்டாள்.

மறுநாள் முத்திரை கிடைத்தது. புலவருக்கு ஏக மகிழ்ச்சி.

"இனி எதையும் தொடங்கிவிடாதீர்கள். தொடங்கப் போவதாக மட்டும் சொல்லிக்கொண்டிருங்கள். காலமெல்லாம் இங்கேயே இருக்கலாம்."

"அப்படிச் சொல்லிச் சொல்லியே காலமெல்லாம் யாரால இருக்க முடியும்யா?"

புலவர் எழுந்து நின்றார். சுவரில் மாட்டியிருந்த மகோன்னதவர்மரின் படத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நான் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து ஒருவர் இருக்கிறாரே, அம்மணி."