புலிப்பல்லும் புளிச்சைச் செடியும்

எங்கள் ஊர் நோங்கம்முக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால் இங்கே ஏதோ தங்கச் சுரங்கம் வெட்டுகிறார்கள் என்று நினைப்பீர்கள். சுரங்கம் இல்லை. ஒரு பல். புலியின் பல். அதுவும் செத்த புலியின் பல். உயிரோடிருக்கிற புலிக்கே தன் குட்டி ஆணா பெண்ணா என்பது பெற்ற பிறகுதான் தெரியும். செத்த புலியின் பல்லுக்கோ கஞ்சா விதைக்குள் உறங்குவது ஆணா பெண்ணா என்று முன்கூட்டியே தெரியுமாம்!

அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரர் வன்லோப் ஆசான். வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி, பத்து விரலுக்குப் பதினோரு மோதிரம். கடற்கரைப் பக்கத்து ஆள். பல்லைச் சிவப்பு நூலில் கட்டி விதைக்கு மேலே தொங்கவிடுவார். வட்டமாகச் சுற்றினால் பெண், நேராக ஆடினால் ஆண். அவ்வளவுதான் வித்தை. வாசலில் ஒரு பெரிய பலகை: "உறையைப் பிரிக்க வேண்டாம்! தபாலில் அனுப்பினாலும் போதும்! புலிப்பல்லுக்கு மறைப்பு இல்லை!"

கோன்கேன், கோரத் போன்ற தூரத்து நகரங்களிலிருந்து வந்து இறங்குகிறவர்களைப் பேருந்து நிலையத்திலிருந்து அள்ளிக்கொண்டு வருவது என் பிக்கப் வண்டி. நான் தாவீ. ஊரை ஏமாற்றியவனைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேனே, நான் யோக்கியனா என்று கேட்காதீர்கள். ஆசான் பிழைத்தார், என் வண்டியும் ஓடியது.

கஞ்சா ஒரு காலத்தில் எங்களை ஜெயிலுக்கு அனுப்பிய செடி. கோழிக் குழம்பில் மணத்துக்கு நாலு இலை கிள்ளிப் போட்டதற்காக என் அப்பாவைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போனது. பிறகு ஒருநாள் சட்டம் மாறியது. போனில் பதிந்துவிட்டு வீட்டிலேயே வளர்க்கலாம் என்றார்கள். அப்பாவை இழுத்துப்போன அதே சாலையில் பச்சை இலை வரைந்த கடைகள் வரிசை கட்டின. அப்புறம் சட்டம் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடையில் பூ வேண்டுமானால் டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து கொல்லையில் நிற்கிற செடிக்கு மவுசு வந்துவிட்டது.

ஆனால் இந்தச் செடியில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆண் தனி, பெண் தனி. மருந்து இருப்பது பெண் செடியின் பூவில். பக்கத்தில் ஓர் ஆண் நின்று மகரந்தம் தூவிவிட்டால் பூவெல்லாம் விதை கட்டிப் பாழாய்ப்போகும். முளைத்து ரெண்டு மாதம் வரை எது ஆண், எது பெண் என்று வெளியே தெரியாது. பொறுமையாகக் காத்திருக்க வேண்டிய அந்த ரெண்டு மாதத்தில்தான் ஆசான் கடை விரித்தார்.

நானும் வாங்கினேன். பல் சுற்றிக் கொடுத்த 'பெண்' விதை ஐந்து. மூன்று ஆணாக வளர்ந்து நின்றன. போய்க் கேட்டேன்.

"தாவீ, உன் பொண்டாட்டி வாய் எப்படி?" என்றார் ஆசான்.

"கொஞ்சம் நீளம்தான் ஆசானே."

"அதான்! செடிகிட்ட நின்னு உன்னைத் திட்டியிருக்கா. பொண்ணா இருந்தது பயந்துபோய் ஆம்பளையா மாறிடுச்சு. பரிகாரம் பண்ணு."

பண்ணினேன். என்னை எதால் அடிக்கலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் சந்தில் ஒருத்தி மட்டும் பல்லிடம் போகவில்லை. நூடுல்ஸ் கடை துவாங். போகிற நேரம் அவளுக்கு இல்லை. அவள் புருஷன் சனனுக்குப் பித்தக் குழாயில் புற்றுக் கட்டி. மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் ஆளுக்குத் தண்ணீர்கூட உள்ளே தங்காது. கையால் உருட்டித் தின்கிற எங்கள் ஊர்ப் பசையரிசிச் சோறு, அந்த ஒட்டுச்சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோனாலே குமட்டும். ஆறடி ஆள் நாற்பத்தைந்து கிலோவுக்கு வந்துவிட்டான். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார், கஞ்சாத் தைலம் நாலு சொட்டு. முதல் வாரமே அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தான். துவாங் கடையில் நின்றபடியே அழுதாள்.

தைலம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி தூரம், போனாலும் பல நாள் இருப்பு இல்லை. அதனால் பதிவு செய்து ஆறு செடி வைத்தாள். பழைய பெயிண்ட் வாளிகள் ஆறு. பூ வந்தால், டாக்டர் சொன்ன அளவில் ஊர் நாட்டு வைத்தியரே தைலம் காய்ச்சித் தருவார். கையிலிருந்த குப்பி அறுவடை வரைக்கும்தான் வரும். அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது.

ஊரே தன் காலில் விழும்போது ஒருத்தி மட்டும் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தால் எந்த ஆசானுக்குத்தான் பொறுக்கும்? ஒருநாள் சந்துக்குள் உலா வந்தார். துவாங்கின் வேலியருகே பல்லைத் தொங்கவிட்டார். கண்ணை மூடினார். உடம்பை உதறினார்.

"ஐயையோ! ஆறுல அஞ்சு ஆம்பளை! இந்தச் சந்துல ஒரு பூ தேறாது! ஞாயித்துக்கிழமைக்குள்ள பிடுங்கி எறியுங்க. என்கிட்ட மந்திரிச்ச கன்னு இருக்கு, வாங்கி வைக்கட்டும்."

அவ்வளவுதான். நேற்றுவரை அவள் கடையில் கடன் சொல்லிச் சாப்பிட்டவர்கள் எல்லாம் இன்று அவள் வேலியைப் பார்த்து முறைத்தார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றவர் எதிர்வீட்டுக் கம்மூன் மாமா.

"துவாங், உன் கஷ்டம் புரியுது. அதுக்காக எங்க செடியெல்லாம் நாசமாப் போகணுமா? நீயா பிடுங்குறியா, நாங்க பிடுங்கட்டுமா?"

"மாமா, புதுக் கன்னு வச்சா பூக்க நாலு மாசம் ஆகும். அவரு நாலு மாசம் சாப்பிடாம இருப்பாரா?"

மாமா ஞாயிற்றுக்கிழமைக்கென்று மண்வெட்டியை எடுத்து வைத்தார்.

அன்று சாயங்காலம் துவாங் அழுதுகொண்டு போன இடம் அம்போன் அக்கா வீடு. அக்கா கோழிப்பண்ணையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். என்ன வேலை? பொரித்த குஞ்சைக் கையில் எடுத்து, பின்பக்கம் அமுக்கிப் பார்த்து, சேவலா பெட்டையா என்று பிரிக்கிற வேலை. ஒரு நிமிஷத்துக்குப் பதினைந்து குஞ்சு. என்னையும் கூப்பிட்டனுப்பினாள்.

"டேய் தாவீ, அந்தாளு உனக்குக் குடுத்த அஞ்சுல எத்தனை தேறுச்சு?"

"ரெண்டு."

"கண்ணை மூடிட்டுச் சொன்னாலே பாதி சரியா வரும்டா. பாதிகூட வரலை. அதுக்கு நீ பரிகாரம் வேற பண்ணியிருக்க!"

நான் தலையைச் சொறிந்தேன்.

"நான் இருபத்திரெண்டு வருஷம் கோழிக்குஞ்சு சூத்தைப் பாத்தவ. முட்டையப் பாத்து ஆணா பொண்ணான்னு சொன்னவன் ஒருத்தனையும் பாத்ததில்லை. பிறக்கட்டும், பாக்கலாம். செடியும் அப்படித்தான். கணுவுல ரெண்டு வெள்ளை முடி வந்தா பொண்ணு, குண்டு குண்டா வந்தா ஆண். இன்னும் மூணே வாரம். ஆணா இருந்தா நானே பிடுங்குறேன். அதுக்கு முன்னாடி யாராவது கை வச்சா அந்தக் கையை ஒடிப்பேன்."

"ஊரு கேக்காதே அக்கா."

"ஊருக்குச் சொன்னாத்தான் கேக்காது. காட்டினா கேக்கும். உன் வண்டியில டீசல் இருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை காலை. துவாங் வீட்டு முன்னால் திருவிழாக் கூட்டம். வெளியூர் ஆட்கள், வறுத்த பூச்சி விற்கிறவன், லாட்டரிச் சீட்டுக்காரி, மண்வெட்டியோடு கம்மூன் மாமா. ஆசான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சனன் ஜன்னலில் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்போன் அக்கா கும்பிட்டபடி முன்னால் வந்தாள். அவ்வளவு பணிவை அவளிடம் நான் பார்த்ததே இல்லை.

"ஆசானே, பிடுங்கத்தான் போறோம். அஞ்சு எதுன்னு காட்டிட்டா அந்த ஒரு பொண்ணு பிழைச்சுக்கும். எல்லாத்தையும் சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன். உங்க பல்லுக்குத்தான் மறைப்பு இல்லையே?"

"மலையையே ஊடுருவும் பல்லும்மா இது. சாக்கு எம்மாத்திரம்?"

"அப்புறம் செடிய மாத்திட்டேன்னு யாரும் பேசக்கூடாது. கம்மூன் மாமா, ஒவ்வொரு வாளிக்கும் அடியில கரியால உங்க கையெழுத்தைப் போடுங்க."

மாமா பெருமையோடு குனிந்து போட்டார். நீலச் சாக்கால் முழுக்க மூடிய வாளிகள் ஆறு வரிசையாக நின்றன. பல் இறங்கியது. முதல் வாளி ஆண். இரண்டாவது ஆண். மூன்றாவது வாளியின் மேல் நூல் போட்ட ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! ஆசான் பின்னால் துள்ளினார்.

"முரட்டு ஆம்பளை! இவன் ஒருத்தன் போதும், மாவட்டத்தையே கெடுத்துருவான்! முதல்ல இவனைப் பிடுங்கு!"

நான்காவதும் ஆண். ஐந்தாவது மட்டும் பெண். ஆறாவது ஆண். ஆறில் ஐந்து! சொன்னது சொன்னபடி! கூட்டம் கைகூப்பியது. மாமா மண்வெட்டியைத் தூக்கினார்.

"மாமா, ஒரு நிமிஷம். இதை ஓரமா கொண்டுபோய்டுறோம். தாவீ வீட்டுல ஆறு வாளி இருக்கு, பரிகாரத்துக்கு அப்புறம் ஆசான்கிட்டயே வாங்கின விதை. அதையும் பாத்துட்டா அவன் பொண்டாட்டி நிம்மதியாத் தூங்குவா."

ஆசான் பெரிய மனதோடு தலையாட்டினார். நான் ஆறு வாளியையும் வண்டியில் ஏற்றினேன். கோயிலைச் சுற்றிக்கொண்டு போனேன். மதிலுக்குப் பின்னால் நிறுத்தி நீலச் சாக்கை உருவி வெள்ளைச் சாக்கைப் போட்டேன். வரிசையை மாற்றினேன். ஒரு சிகரெட்டும் பிடித்தேன். திரும்பி வந்து இறக்கினேன்.

பல் மறுபடி இறங்கியது. அடடா, என்ன சுற்று! முதல் வாளி பெண். இரண்டாவது பெண். நான்காவதன் மேல் பம்பரமாகச் சுழன்றது.

"ஆகா! குணவதி! இந்த ஊருலயே இப்படி ஒரு பொண்ணு கிடையாது. என் விதைடா, தாவீ, என் விதை!"

ஆறும் பெண். கூட்டம் ஆர்ப்பரித்தது. அம்போன் அக்கா மட்டும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கம்மூன் மாமா, இந்த வாளிகளைக் கொஞ்சம் சாய்ச்சு அடியில பாருங்க."

மாமா சாய்த்தார். பார்த்தார். அடுத்ததையும் சாய்த்தார். ஆறையும் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"இது... என் கையெழுத்துதான்."

"அப்போ எல்லாம் துவாங் வாளிதானே? துவாங் வாளின்னா ஆம்பளை, ஆசான் வித்த விதைன்னா பொண்ணு. கோயிலைச் சுத்திட்டு வர்றதுக்குள்ள அஞ்சு ஆம்பளை பொண்ணாயிட்டானா?"

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். ஆசான் எழுந்தார்.

"சந்தேகக்காரி நடுவுல நின்னா பல்லுக்குச் சக்தி போயிடும்!"

"சரி, போனதாவே இருக்கட்டும். அந்தக் குணவதியை மட்டும் பாத்துட்டுப் போங்க. மாவட்டத்தையே கெடுக்கிற முரட்டு ஆம்பளையும் அவதான்."

அக்கா சாக்கை உருவினாள். விரல் விரலாய்ப் பிரிந்த இலை, நெட்டுக்குத்தாய் நின்ற தண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் சாட்சாத் கஞ்சாவேதான். ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்கா தெரியாது? கோணி நாருக்காக இதைத்தானே வெட்டிக் குளத்தில் ஊறப்போட்டு, நாற்றத்தில் உரித்து, பிள்ளைகளைப் படிக்கவைத்தோம்?

"அட நாசமாப் போறவனே, அது புளிச்சை!" என்று கத்தினார் கம்மூன் மாமா. "புளிச்சைக்கு ஏதுடா ஆம்பளை பொம்பளை? ஒரே பூவுலதான் ரெண்டும் இருக்கு!"

சந்தே அதிரச் சிரித்தது. லாட்டரிக்காரி சீட்டுப் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலில் சனன் சிரித்துச் சிரித்து இருமினான். அக்கா, ஆசான் கையிலிருந்த நூலை வாங்கித் துவாங்கிடம் கொடுத்தாள்.

"பிடி. சுத்தணும்னு மனசுல நினை. நினைச்சியா? பாரு, சுத்துது. நினைப்பு விரலுக்கு வருது, விரல் நூலை ஆட்டுது. புலி என்ன பண்ணும் பாவம்."

ஆசான் என் வண்டியில் தாவி ஏறினார். "எடுடா வண்டிய, பஸ் ஸ்டாண்டுக்கு!"

"பல்லைக் கேளுங்க ஆசானே, வண்டி கிளம்புமான்னு," என்றேன். பல் துவாங் கையில் இருந்தது. அவர் நடந்தேதான் போனார். பின்னாலேயே மண்வெட்டியோடு கம்மூன் மாமா கொஞ்ச தூரம் வழியனுப்பிவைத்தார்.

புளிச்சைக்கு இடம் விட்டுக் குளியலறையில் ஒளிந்திருந்த ஆறாவது செடி அன்றே வெளியே வந்தது. மூன்று வாரம் கழித்து அம்போன் அக்கா மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு கணுக் கணுவாகப் பார்த்தாள். நாலு பெண், ரெண்டு ஆண். ஆசான் போன பிறவிப் புண்ணியம்போலப் 'பெண்' என்று விட்டுவைத்த ஐந்தாவது வாளி இருக்கிறதே, அது ஆண்! சொன்னபடி ரெண்டையும் அக்காவே பிடுங்கினாள். குப்பி காலியாகிற வாரம் புதுத் தைலம் வந்தது. நேற்றுச் சனன் சுட்ட மீனும் ஒட்டுச்சோறும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் ஓர் உருண்டை கேட்டான். துவாங் உருட்டிக் கொடுத்தாள். மாமாவுக்கும் இலவசமாகப் புளிச்சை இலைச் சாறு ஊற்றினாள், அவர் தலைநிமிராமல் குடித்தார்.

எல்லாம் சுபம் என்று எழுந்துவிடாதீர்கள். இன்று காலை பேருந்து நிலையத்தில் ரெண்டு பேர் என் வண்டியில் ஏறினார்கள். பக்கத்து ஊரில் ஒரு அம்மாள் முதலைப் பல்லை வைத்துக் கஞ்சா விதை பார்க்கிறாளாம், முதலை புலியைவிடச் சக்தியாம், வழி தெரியுமா என்று கேட்டார்கள். அம்போன் அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். சட்டம் செடியைத்தான் ஜெயிலிலிருந்து விட்டிருக்கிறது ஐயா. உங்கள் மண்டையை நீங்கள்தான் திறந்துவிட வேண்டும், அதற்கு எந்த டாக்டரும் சீட்டு எழுதித் தரமாட்டார்.