அஞ்சு சிடிக்கும் தலையாட்டினவர்

அடுத்த மாசம் பத்தாம் தேதி எல்லாருக்கும் காது டெஸ்ட்னு ஃபேக்டரியில நோட்டீஸ் ஒட்டின அன்னைக்கு மூடிக்காரர் ஒரு பெரிய முடிவு எடுத்தாரு. இனிமே தான் ஒரு மகா சங்கீத ரசிகர்.

தகர டப்பாவுக்கு மூடி அடிக்கிற மெஷின்ல இருபத்திரெண்டு வருஷம், அதான் மூடிக்காரர். ஒரு அடிக்கு ஒரு மூடி. ஒரு நாளைக்கு ஆறாயிரம் அடி. அது அத்தனையும் தகரத்து மேல மட்டுமா விழும்? காதுக்குள்ளயும்தான் விழுந்துது. மெல்லிசான சத்தமெல்லாம்தான் மொதல்ல போகுமாம். குருவி போச்சு. யாரு கவலைப்பட்டா? காலிங் பெல் போச்சு. விருந்தாளி தொல்லை விட்டுதுன்னு இருந்தாரு. அப்புறம் பொண்டாட்டி குரல் போச்சு. ஒரு ரெண்டு மாசம் அதை வரம்னே நெனைச்சாரு மனுஷன்.

கடைசியா போனதுதான் வம்பு. மெஷின் மணி. அச்சு இறங்குறதுக்கு முன்னாடி 'டிங்'னு ஒண்ணு அடிக்கும், கையை எடுன்னு அர்த்தம். வரிசையில நிக்கிற எல்லா மெஷினும் ஒண்ணாத்தான் இறங்கும். அதனால ரெண்டு வருஷமா இவர் பக்கத்து ஆள் கையைப் பார்த்துத்தான் தன் கையை எடுக்கிறாரு. அந்த ஆளுக்குத் தும்மல் வந்தா இவருக்கு விரல் போயிடும். அப்படி ஒரு பொழப்பு.

வெளிய சொல்ல முடியாது. போன வருஷம் எட்டாம் நம்பர் மெஷின்காரர் டெஸ்ட்ல தோத்தாரு. பாவம்னு வாசல் கேட் காவலுக்குப் போட்டாங்க. லாரி ஹாரன் கேக்காம நடு வழியில நின்னாரு. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்போ ஜன்னல் ஓரமா உக்காந்து தெருவுல போற வண்டியை எண்ணிக்கிட்டு இருக்காரு.

வீட்டுல சமாளிக்கிறது சுலபம். உதட்டைப் பார்த்தா பாதி புரியும், மீதிக்குத் தலையாட்டிடலாம். தலையாட்டுறதுக்காக எந்தப் புருஷன் மேலயும் இதுவரைக்கும் சந்தேகம் வந்ததில்ல.

ஆனா இவர் பொண்டாட்டி, அந்த அம்மாவுக்கு வந்துது. துவைக்கப் போட்ட சட்டையில, வலது கை மணிக்கட்டுக்கிட்ட ஒரு ஓட்டை. அளவெடுத்த மாதிரி வட்டமா, ஒரு மூடி அகலத்துக்கு. எலி கடிச்சிடுச்சுன்னாரு இவரு. எலி காம்பஸ் வச்சா கடிச்சுதுன்னு கேட்டாங்க அந்த அம்மா. அன்னைலேர்ந்து ஒரே பாட்டு, காது டாக்டர்கிட்ட வாங்க, வாங்கன்னு. எனக்கா காது கேக்கல, கொசு கொட்டாவி விட்டாக்கூட கேக்கும்னு இவர் மார் தட்டினாரு. காதுல ஒரு மெஷினை மாட்டினா வேலையை விட்டுப் போறேன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்ட மாதிரி. அது அவருக்குத் தெரியாதா?

அதுக்குத்தான் இந்த சங்கீதத் திட்டம். பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் ஃபேக்டரிக்கே யூனிஃபார்ம் தைக்கிறவர். அவர் வாயில ஊசி இருக்கும்போது தவிர மத்த நேரமெல்லாம் பேச்சுதான். மூடிக்காரருக்கு என்னா காதுன்னு அவர் நாலு பேருகிட்ட சொன்னா சூப்பர்வைசர் வரைக்கும் போயிடும், இவருக்கு எதுக்கு டெஸ்ட்டுன்னு விட்டுடுவாரு. பொண்டாட்டி வாயும் அடையும்.

பாட்டுக் கேக்குற செட்டு வாங்கப் போனாரு. கடையில ஒரே பாட்டை விலை கூடின செட்டுலயும் வச்சாங்க, விலை கம்மி செட்டுலயும் வச்சாங்க. இவருக்கு ரெண்டும் கிணத்துல குண்டு போட்ட மாதிரி 'கும் கும்'தான். கண்ணை மூடி, தாடையைத் தடவி, மலிவு செட்டைக் காட்டி, இதுலதான் ஒரு இயல்பு இருக்குன்னாரு. ஒரு வருஷமா தூசி தட்டியே அலுத்துப்போன விற்பனையாளருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அஞ்சு சிடி செட்டு. தட்டு ஒண்ணு வெளிய வரும், அஞ்சையும் வட்டமா அடுக்கலாம், ஒண்ணு முடிஞ்சா தானா சுத்தி அடுத்தது. முன்னாடி பச்சை எழுத்துல எத்தனாவது சிடி, எத்தனாவது பாட்டுன்னு நம்பர் எரியும். அந்த நம்பர்தான் நம்ம ஆளுக்கு உயிர்நாடி. சிடி அட்டையில எந்தப் பாட்டு யாரு பாடினது, எத்தனை நிமிஷம்னு போட்டிருப்பான்ல, அதை ஃபேக்டரி கக்கூஸ்ல உக்காந்து பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உருப்போட்டாரு.

அப்புறம் சாயங்காலமானா கச்சேரிதான். நாற்காலியைச் செட்டுக்கு நேரா போட்டு, ஒரு கையை ஸ்பீக்கர் பொட்டி மேல வச்சு அதிர்வைப் பிடிச்சுக்குவாரு. இடது பொட்டி கொஞ்சம் கூச்ச சுபாவம்பாரு. நாலாவது சிடியில புல்லாங்குழல் ஈரமா இருக்கும்பாரு. இந்தப் பாடகி மூச்சு வாங்குற இடத்தைக் கவனிச்சியா, விலை கூடின செட்டா இருந்தா அந்த மூச்சையே முழுங்கியிருக்கும்பாரு. தையல்காரர் வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டிருந்தாரு. பத்து நாள்ல ஃபேக்டரி கேன்டீன் வரைக்கும் பேச்சு வந்துடுச்சு.

தலைவலிக்குது, சத்தத்தைக் குறைங்கன்னு அந்த அம்மா ஒருநாள் சைகை காட்டினாங்க. இவர் தாராளமா குறைச்சாரு. நல்ல செட்டோட தரம் மெதுவா வச்சாத்தான் தெரியும்னு அதுக்கும் ஒரு தத்துவம் சொன்னாரு. பொட்டியில அதிர்வு நின்னுபோச்சு. போனா என்ன, பச்சை நம்பர் இருக்கே.

அதுக்கப்புறம் தையல்காரர் நடவடிக்கைதான் ஒரு மாதிரி ஆச்சு. மொத ரெண்டு நாள் துணியை வாயில வச்சு அமுக்கிக்கிட்டு குலுங்கினாரு. சங்கீதம் உருக்குதுன்னு இவர் நெனைச்சாரு. மூணாம் நாள் அவர் குலுங்கல. ஆறாம் நாள் இவர் முகத்தைப் பார்க்காம தரையையே பார்த்துக்கிட்டிருந்துட்டு, டீயைக் குடிக்காமலே எழுந்து போயிட்டாரு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். மூணாவது சிடி, ரெண்டாவது பாட்டு. இன்னைக்கு வயலின்ல ஒரு சோகம் தெரியுதுன்னு இவர் சொல்லிக்கிட்டிருந்தாரு. அந்த அம்மா முன்னாடி வந்து முக்காலியைப் போட்டு, முகத்துக்கு நேரா உக்காந்தாங்க. ஒரு ஒயரோட ரெண்டு நுனியை எடுத்து அவர் மடியில வச்சாங்க.

"என்னா இது?"

"பாட்டு," உதட்டை நல்லா விரிச்சு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாங்க. "எட்டு நாளா இதுக்குள்ளதான் கெடக்கு. பொட்டிக்குப் போற ஒயரை போன வியாழக்கிழமையே புடுங்கிட்டேன்."

மூடிக்காரர் பொட்டியைப் பார்த்தாரு. பச்சை நம்பரைப் பார்த்தாரு. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்துது. இந்தச் செட்டுல எப்பவாவது இப்படி ஒயர் தானா கழண்டுக்கும்னு சொல்ல வாயைத் தொறந்தாரு, அவருக்கே அது நல்லா இல்ல.

"சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்தேன். திங்கக்கிழமையிலேர்ந்து உங்களுக்கு மெஷின் கெடையாது. பேக்கிங்ல போடுறாராம். டெஸ்டுக்கு அப்புறம் அதுவும் இருக்குமான்னு கேட்டேன், தெரியாதுன்னுட்டாரு."

"யாரைக் கேட்டுடி போன?" ஒயர் நுனியை மடியிலேர்ந்து தட்டி விட்டாரு. "எவனைக் கேட்டுப் போன?"

"உங்களைத்தாங்க. செவ்வாக்கெழமை. நாற்காலிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, நான் போய்ச் சொல்லட்டுமான்னு மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் கண்ணை மூடிக்கிட்டு நல்லா பெரிசா ஆட்டினீங்க. தையக்காரண்ணன் சாட்சி. அவருக்கு அழுகையே வந்துடுச்சு."

இவர் பொட்டி மேல இருந்த கையை மெதுவா எடுத்துக்கிட்டாரு.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு காது டாக்டர். அது புதன்கெழமை ஆட்டினது." அந்த அம்மா அவர் வலது கையைப் பிடிச்சுத் திருப்பி, அஞ்சு விரலையும் ஒவ்வொண்ணா தொட்டுப் பார்த்தாங்க, சந்தையில வெண்டைக்காயைப் பார்க்கிற மாதிரி. "வேலை போனா ரெண்டு பேருமா சேர்ந்து வேற ஏதாவது பண்ணிக்கலாம். இது போனா எந்தக் கடையில போய் வாங்குறது? அங்கயும் மலிவா இருக்கிறதாப் பார்த்து வாங்கிட்டு வருவீங்க."

சிரிப்பு வரல ரெண்டு பேருக்கும். தட்டு ஒரு சுத்து சுத்தி நாலாவது சிடிக்குப் போச்சு. நம்பர் மாறினதும் தலை ஆட எழுந்துது. பாதியில பிடிச்சு நிறுத்திக்கிட்டாரு.

மெதுவா கேட்டாரு. "இந்த எட்டு நாள்ல வேற எதுக்கெல்லாம்மா ஆட்டினேன்?"

அந்த அம்மா எழுந்து டீ டம்ளரை எடுத்துக்கிட்டு அடுப்புப் பக்கமா நடந்தாங்க. போகும்போதே முதுகைக் காட்டிக்கிட்டு, கையை அப்படியும் இப்படியும் நீட்டி, நீளமா என்னென்னமோ சொல்லிக்கிட்டே போனாங்க. மூடிக்காரர் கழுத்தை நீட்டி, சாஞ்சு, எட்டி எட்டிப் பார்த்தாரு. உதடு சிக்கல.

வேற வழியில்லாம தலையாட்டினாரு.