குவாரி கட்டிக்கொடுத்த பெண்கள்

குன்னூரில் கல் கட்டிடத்தில் குடியிருக்கிற, வேலை பார்க்கிற அத்தனை ஆண்களுக்கும் மாமியார் ஒரே ஒருத்தர்தான். இந்தப் பெருமை உலகத்தில் வேறெந்த ஊருக்கும் கிடையாது என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

எங்கள் பாரம்பரியப் பூங்காவுக்குள் பழைய கல்குவாரி ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், பாலம் என்று எல்லாவற்றுக்கும் கல் அங்கிருந்துதான் போனது. எங்கள் வீட்டுச் சுவரும் அந்தக் கல்தான். உளித் தழும்போடு நிற்கிற அந்தப் பாறையைச் சுற்றி இப்போது வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். அதன் வாசலில் டிக்கெட் கிழிக்கிற அம்மாவைத்தான் ஊரே 'குவாரி மாமியார்' என்கிறது.

எல்லாம் ஒரு போர்டால் வந்த வினை. 'இவ்வூரின் கட்டிடங்கள் பலவற்றைக் கட்டிக்கொடுத்த குவாரி' என்று யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். கட்டிக்கொடுப்பது என்றால் அந்த அம்மாவுக்கு ஒரே அர்த்தம்தான். ஆக, குவாரி பிறந்த வீடு; கட்டிடங்களெல்லாம் பெண்கள்; உள்ளே இருக்கிற நாங்கள் மாப்பிள்ளைகள். யார் சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் முறை டிக்கெட் வாங்கப் போனேன்.

"ஏனுங்க, உங்க ஊடு கல்லுங்களா, செங்கல்லுங்களா?"

"கல்லுதாங்க."

சட்டென்று எழுந்து நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "வாங்க மாப்ளை! பொண்ணு நல்லா இருக்குதுங்களா?"

என் மனைவியைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "கொஞ்சம் சளிங்க" என்றேன்.

"மழைக்கு ஓதம் ஏறியிருக்கும். சுண்ணாம்பு பூசுங்க, செரியாப் போயிரும்."

ஊரே அவரை 'அத்தை' என்று கூப்பிட ஆரம்பித்தது. எனக்கு மட்டும் கூச்சம், 'ஏனுங்கம்மா'வோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒருநாள் சுற்றுலா வந்தவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இந்தப் பள்ளத்துக்கா டிக்கெட்?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான்.

"பள்ளமா? ஒரு ஊரையே பெத்த வயிறுங்க இது! பெத்த வயிறு பள்ளமாத்தான் இருக்கும்!"

அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

தபால் ஆபீஸ் சுவரில் போஸ்ட்மாஸ்டர் காலண்டருக்காக ஆணி அடித்த சேதி எப்படியோ காதுக்கு வந்தது. மஞ்சளும் வளையலும் எடுத்துக்கொண்டு நேரே போய் நின்றார். "பொண்ணு மேல ஆணி அடிக்கறீங்களாமா? கேக்க நாதியில்லைன்னு நெனச்சீங்களா மாப்ளை?" மனுஷன் அன்றே ஆணியைப் பிடுங்கினார். காலண்டர் இன்றும் ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது.

அப்பேர்ப்பட்டவர் அழுது நான் ஒரே தடவைதான் பார்த்தேன். குவாரியை மண் போட்டு மூடி, மேலே கார் நிறுத்துமிடம் ஆக்க ஒரு யோசனை வந்திருந்தது. அதிகாரி பார்வையிட வருவதாகவும் சொன்னார்கள்.

"பொறந்த ஊட்டுலயே மண்ணைப் போடறாங்களாமுங்க மாப்ளை. அப்பறம் பொண்ணுக எங்கீங்க வரும்?"

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, கல் கட்டிடம் கல் கட்டிடமாகப் போய் அதிகாரி வருகிற அதே நாளில் ஆடிக்கு அழைத்துவிட்டு வந்தார்.

அதிகாரி வந்த நாளில் நல்ல சாரல். குடை பிடித்துக்கொண்டு மாப்பிள்ளைக் கூட்டம் குவாரியில் நிற்கிறது. ஹெட்மாஸ்டர் பட்டு வேட்டியில் வந்திருந்தார். போஸ்ட்மாஸ்டர் கையில் பழத்தட்டு.

"என்னங்க இது, கல்யாணமா? பொண்ணு யாரு?" என்றார் அதிகாரி.

"எனக்குத் தபால் ஆபீஸ் சார்" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"எனக்கு ஹைஸ்கூல்" என்றார் ஹெட்மாஸ்டர், கொஞ்சம் வெட்கத்தோடு.

அதிகாரி முழித்தார். மாமியார் முன்னால் வந்தார். "நீங்க எங்கீங்க தங்கியிருக்கறீங்க?"

"மேல, அந்தப் பழைய கல் பங்களாவுல..."

முந்தானை தோளுக்கு ஏறியது. "அட, பெரிய மாப்ளையுங்களா! உக்காருங்க, உக்காருங்க."

சுடச்சுட வெல்லக் கச்சாயம் வந்தது. அதிகாரி ஒன்றைத் தின்றார். இன்னொன்றை அவரே கேட்டு வாங்கினார். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எழுந்து போய் உளித் தழும்பைத் தடவிப் பார்த்தார். மாமியார் வீட்டுக் கச்சாயத்தைத் தின்றுவிட்டு அங்கேயே மண் போடுகிற மாப்பிள்ளை எங்கள் மலையில் இன்னும் பிறக்கவில்லை. காரெல்லாம் இப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிற்கிறது.

இந்த ஆடிக்கும் போனேன். மாமியாருக்கு முழங்கால் வலி. என்னைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார், முடியவில்லை. முகம் சுருங்கிப் போயிற்று.

"எந்திரிக்க முடியலீங்க மாப்ளை. மருவாதி இல்லைன்னு நெனச்சுக்காதீங்க."

"நீங்க உக்காருங்க அத்தை" என்றேன்.

என் மனைவியைப் பெற்றவரைக்கூட நான் இத்தனை வாய் நிறையக் கூப்பிட்டதில்லை.