தும்பைப்பூவுக்குக் கிடைத்த முதல் பரிசு

பூச்சியை மதிக்கத் தெரிந்த அலுவலகம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது திருவனந்தபுரத்தில் இருக்கிறது. அதன் சூப்பிரண்டு குற்றாலலிங்கம், அதாவது நான். எங்கள் பூச்சி ஆய்வு நிலையத்தில் நாற்பது பேர் இருக்கிறோம். அதில் பூச்சியை ஆராய்பவர் ஒருவர். மற்ற எல்லோரும் அந்த ஆராய்ச்சியை 'நிர்வகிக்கிறோம்'.

அந்த ஒருவர் டாக்டர் மாளவிகா, ஆரியசாலை மிளகாய் வற்றல் வியாபாரியின் மகள். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் தும்பைச் செடி வளர்த்து, கொசுத்தேனீ வந்து உட்காருவதை வெயிலில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். தேனீக்குத் தேன், செடிக்கு மகரந்தம் பரவும். இருவருக்கும் லாபம். இதற்குக் 'கூட்டுவாழ்வு' என்று பெயராம். கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. இதற்குப் போய்ச் சம்பளமும் தருகிறார்களே என்றும் தோன்றியது.

போன ஓணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருவதாக ஏற்பாடு. பூவில் தேனீ வேலை செய்வதைக் குழு கண்ணால் பார்த்தால் ஆய்வுக்கு இன்னும் ஐந்து வருடம். பார்க்காவிட்டால் ஆய்வு முடிந்தது. அந்த நிலத்தில் கார் ஷெட். பாவம், மாளவிகா சோறு தண்ணி இல்லாமல் செடிக்குக் காவல் இருந்தார்.

அதே வெள்ளிக்கிழமைதான் அலுவலகத்தில் பூக்களப் போட்டியும். வாசலில் பூவால் கோலம் போட வேண்டும். எங்கள் நிர்வாகப் பிரிவும் கணக்குப் பிரிவும் ஜென்ம விரோதிகள். பயணப்படியை மிச்சம் பிடிக்க, மதிப்பீட்டுக் குழுவையே நடுவர்களாகவும் போட்டுவிட்டோம். நிர்வாகம் என்றால் சும்மாவா?

கேந்திப்பூவும் வாடாமல்லியும் தோவாளையிலிருந்து மூட்டையாக வந்து இறங்கின. தும்பையைத்தான் காணோம். தும்பை வைக்காத களம் களமே இல்லை என்பது இந்த ஊர் வழக்கம். மார்க்கும் அதற்குத்தான்.

"சாரே, தும்பப்பூ இல்லாம எந்து பூக்களம்?" என்று கையைப் பிசைந்தாள் எங்கள் கிளார்க் ஸ்வப்னா.

"பொறத்தால நெறைய நிக்குதே!" என்றார் டைரக்டர் அருமைநாயகம். பாறசாலைக்காரர், தாராள மனசு.

"அது மாளவிகா மேடத்துக்க ஆராய்ச்சி அல்லே?"

"பூவைத்தானே பறிக்கப் போறோம்? செடியைத் தொடப்படாது, கேட்டியா? ஆராய்ச்சிக்கு ஒரு பங்கமும் வரப்படாது!"

ஆகா, இதல்லவா விஞ்ஞானப் பார்வை! குழுவை அழைத்துவர மாளவிகா தம்பானூர் ரயிலடிக்குப் போன நேரம், ஒரு பூ விடாமல் பறித்தோம். ஒரு செடி சாயவில்லை. அவரைக் கௌரவிக்கும் விதமாகக் களத்துக்குத் தலைப்பும் 'கூட்டுவாழ்வு' என்றே வைத்தோம். கேந்தியில் பெரிய தேனீ, தும்பையில் பெரிய பூ. கணக்குப் பிரிவுக்கு வயிறு எரிந்தது.

மாளவிகா குழுவைப் பின்வாசல் வழியாக நேரே நிலத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே வெறும் பச்சைச் செடிகள்தான் நின்றன.

"பூ எங்க?" என்றார் குழுத் தலைவர் வேதமாணிக்கம்.

"காலையில இருந்துது சார்!"

"தேனீ?"

"பூ இருந்தா வரும் சார்."

"பூ இல்லேன்னா வராது. இதைக் கண்டுபிடிக்கவா இவ்வளவு வருஷம்?"

குழு அடுத்த 'நிகழ்ச்சி'க்காக முன்வாசலுக்கு வந்தது. அங்கே அத்தனை கொசுத்தேனீயும் எங்கள் பூக்களத்தில் மொய்த்துக்கொண்டிருந்தது! மாளவிகா ஓடிப்போய்த் தரையில் மண்டியிட்டார்.

"சார், இங்க பாருங்க! பூவைத் தேடிக்கிட்டு வந்துட்டுது! வேலை செய்யுது பாருங்க!"

"அம்மா, இது கலாசாரம்," என்றார் வேதமாணிக்கம் கனிவாக. "ஆராய்ச்சி நிலத்துலதான் நடக்கணும்."

ஒரே மூச்சில் இரண்டு தீர்ப்பு சொன்னார். ஆய்வு நிறுத்தம். உயிருள்ள தேனீயையே வரவழைத்த தத்ரூபத்துக்காக நிர்வாகப் பிரிவுக்கு முதல் பரிசு. நாங்கள் துள்ளிக் குதித்தோம். ஸ்வப்னா அடித்த செண்டை மேளத்துக்கு நான் தாளம் தப்பாமல் ஆடினேன்.

டைரக்டர் பரிசுக் கோப்பையோடு மாளவிகாவிடம் போனார். "வருத்தப்படாதீங்கம்மா. உங்க பூ, எங்க கைவேலை. இதுவும் கூட்டுவாழ்வுதானே?"

மாளவிகா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்ல சார். இப்படி ஒட்டுண்ணிகூடச் செய்யாது. அது செடியை உசிரோட வச்சுத்தான் உறிஞ்சும். நாளைக்கும் பசிக்கும்னு அதுக்குத் தெரியும்."

என்ன நகைச்சுவை! விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அடைப்பிரதமன் பாயசம் குடிக்கப் போனோம்.

இதோ, மறுபடி ஓணம். கேந்தி வந்துவிட்டது. "சாரே, தும்பப்பூ?" என்கிறாள் ஸ்வப்னா. டைரக்டர் பின்னால் தும்பை நின்ற இடத்தில் எழும்பியிருக்கும் கார் ஷெட்டைப் பார்த்தார்.

"மாளவிகா இப்போ எங்க இருக்காவ? தும்பை எங்க கிட்டும்னு போனைப் போட்டுக் கேளும், ஓய்!"

கேட்டேன். மாளவிகா கோபப்படவே இல்லை. மிச்சமிருக்கும் எங்கள் முப்பத்தொன்பது பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பசிக்குதா, சார்?"