எங்கள் கட்சியின் ஒன்பதாம் விதி

மாரண்டஹள்ளி,
திங்கட்கிழமை

அன்பு மாப்பிள்ளை மாதவராஜுக்கு, மாமா வீரமணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா பானுமதியும் இதுவரை ஒரே வீட்டில் சுகமாகத்தான் இருக்கிறோம். ஓசூரில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும். அதனால்தான் கடிதம்.

ஏரியில் சீமைக்கருவேலம் வெட்ட ஞாயிறுதோறும் கூடிய நாங்கள் பதினொரு பேர், உன் அக்காவையும் என்னையும் சேர்த்துத்தான், ஆறு வருஷத்தில் ஏரி மீட்பு மக்கள் கட்சி ஆகிவிட்டோம். கட்சி வளர்ந்தது, ஆள் மட்டும் அதே பதினொன்று. வரப்போகிற பேரூராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நிற்பதாக முடிவாயிற்று. யார் நிற்பது? முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன் நான். கட்சி விதி இருபத்திரண்டையும் எழுதியவனும் நான். வேறு யார் நிற்பார்கள் என்று இரண்டு வெள்ளைச் சட்டை தைத்துவிட்டேன்.

போன வாரம் முகத்தைக் காட்டிவிட்டு வரலாமென்று உன் அக்காவோடு பின்தெருவுக்குப் போனேன். கலைமதி என்கிற பெண் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்கிறாள். தட்டில் காசு போடுவது வழக்கம், அவளும் அதற்குத்தான் நிற்கிறாள். விதி நான்கு: ஆரத்தித் தட்டில் ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. எழுதினது நானு. சும்மா கும்பிட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்னு கொள்கை நோட்டீஸ மடிச்சுத் தட்டுல போட்டேன். வெத்தல மேல கற்பூரம் எரியறத கவனிக்கல. நோட்டீஸு குப்புனு பத்திக்கிச்சு, அந்தப் பொண்ணு பயந்து தட்ட உதறுச்சு, செவப்புத் தண்ணி முழுசும் புதுச் சட்டையில. உன் அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. "நோட்டீஸு கெடக்கட்டும் கண்ணு, இந்தத் தெருவுல கொழாத் தண்ணி வருதா?"ன்னு கேட்டா. "பதிமூணு நாளாச்சுங்க்கா"ன்னுச்சு அந்தப் பொண்ணு. அங்கயே நின்னு தண்ணி திறந்துவிடற ஆளுக்குப் போன் போட்டா. மறுநாள் தண்ணி வந்திருச்சு.

அன்னையிலருந்து நம்ம வூட்டுக் கதவத் தட்டறவங்கெல்லாம் "அக்கா இருக்காங்களா?"ன்னுதான் கேக்கறாங்க. "நான் இருக்கேன், சொல்லுங்க"ன்னா, "பரவால்லீங்க, அப்புறமா வர்றோம்"ங்கறாங்க.

இதுல நம்ம தக்காளி ஆட்டோ சவரிராயன், அவனும் கட்சிதான், கூட்டத்துல எந்திரிச்சு, "பானுமதியக்கா நிக்கட்டுங்க. வீரமணி சாரு விதியப் பாத்துக்கட்டும்"னுட்டான். ரெண்டு பேரு பேரும் வந்துட்டதால வர்ற ஞாயிறு ரகசிய ஓட்டு. யார்கிட்டயாவது ஓட்டுக் கேக்கலாம்னா, விதி ஒன்பது: உட்கட்சித் தேர்தலில் யாரும் யாரிடமும் ஓட்டுக் கேட்கக் கூடாது. கட்டின பொண்டாட்டிகிட்டயே கேக்க முடியல மாப்ள! நேத்து சாப்பிடறப்ப, "பானு, ஞாயித்துக்கெழம..."ன்னு இழுத்தேன். "விதி ஒம்போதுங்க"ன்னா. ரசத்த ஊத்திட்டுப் போயிட்டா.

எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். ஆறு வருஷம் முள் குத்தின கை இது. இந்த முறை விட்டால் அடுத்த தேர்தலில் எனக்கு எழுபது வயது. நீ கட்சியில் இல்லாதவன், விதி உன்னைக் கட்டாது. அக்காவுக்குப் போன் போட்டு, "மாமா ரொம்ப ஆசப்படறாரு, நீ விட்டுக் குடு"ன்னு சொல்லு. நான் சொன்னேன்னு மூச்சு விட்ராத.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். முனியப்பன் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

உன் மாமா,
வீரமணி

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் ஆறு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று ஞாயிறு. பதினொரு ஓட்டும் எண்ணியாயிற்று: உன் அக்காவுக்குப் பத்து, எனக்கு ஒன்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் அக்காவுக்குக் கோபம். "என்னா ஜனங்க இவங்க! ஆறு வருசம் ஒழச்ச மனுசனுக்கு நான் ஒருத்திதான் போட்டிருக்கேன். உங்க ஓட்டோட சேத்தா ரெண்டு வரணுமே, எப்பிடிங்க ஒண்ணு வந்துச்சு?" என்று கேட்டாள். விதி பத்து: யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று வெளியே சொல்லக் கூடாது. நான் சொல்லவில்லை. நீ போன் போட வேண்டாம்.