கேப்டனைக் கரையில் விட்டுப் போன படகு

தலைமையாசிரியை அவர்களின் மேலான பார்வைக்கு, அதாவது என் தங்கை மகளுக்கு, தாய்மாமன் சொல்லச் சொல்ல எழுதப்படுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

எனக்கு எழுத்து வாசனை கிடையாது என்பது உனக்குத் தெரியும். அலுவலகத்தில் என்னைக் கண்டதும் ஆளாளுக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். அதனால் வேலை பழக நீ அனுப்பிய இரண்டு பேரில் அந்தப் பெண்ணே இதை எழுதுகிறாள். புகாரும் அவள் மேல்தான். "நான் சொல்றத மட்டும் எழுது, சொந்தச் சரக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறேன். "சரி தாத்தா" என்றாள். அதையும் எழுதிவிட்டாள் பார்.

நாற்பத்தொரு வருஷமாக இந்தப் படகுத்துறையில் ஏறுபலகை போடுகிறேன். முதல் நாள் முதலில் ஏறியவர் ஒரு தையல்காரர், இடது செருப்பில் வார் அறுந்திருந்தது, அதுகூட எனக்கு மறக்கவில்லை. ஆனால் போன திங்கட்கிழமை மாதிரி ஒரு நாளை நான் கண்டதில்லை. இவளோடு வந்த பையன் பலகைக்கு மெழுகு பூசிப் பளபளவென்று தேய்த்துவிட்டான். ஜனங்கள் ஏறக் கால் மணி நேரம் ஆகும். அன்றைக்கு மூன்றே நிமிஷத்தில் அறுபத்துமூன்று பேரும் உள்ளே, பாதிப் பேர் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாகக் கால் வைத்த கேப்டனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "இதுல மனுஷன் ஏறுவானாய்யா?" என்று தைலம் தேய்க்க டிக்கெட் அறைக்குள் போய்விட்டார். அதற்குள் கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் விசில் சத்தம் கேட்டது, இந்தப் பெண் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தானும் தாவி ஏறிவிட்டாள், படகு தன்பாட்டுக்கு மிதந்து போகிறது, ஒலிபெருக்கியில் இவள் குரல் கரைக்கே கேட்கிறது: "பயணிகள் பதற வேண்டாம். படகு புறப்பட்டாச்சு. கேப்டன் இன்னும் புறப்படல." யாரோ ஓர் அம்மா, "எப்பம்மா வருவாரு?" என்று கேட்டிருக்கிறாள். "தைலம் காஞ்சதும் வருவாரும்மா." படகு போய்ப் பக்கத்துக் கம்பெனியின் துறையில் முட்டி நின்றது. அந்தக் கம்பெனிக்காரன் வாசலில் நின்று கும்பிட்டு, அறுபத்துமூன்று பேரையும் தன் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஆகவே மேனேஜர் சொன்னபடி, 'தேறவில்லை' என்ற கட்டத்தில் கைநாட்டு வைத்து, நீ கொடுத்தனுப்பிய அவள் ஃபாரத்தை இத்துடன் அனுப்புகிறேன். இது தேறாவிட்டால் பள்ளிச் சான்றிதழ் கிடையாதாமே. நான் என்ன செய்ய? உன் குடும்பம் தழைக்கட்டும், உன் பள்ளிக்கூடம் ஓங்கட்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்

பி.கு.: வாசித்துக் காட்டச் சொன்னேன். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. "ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு, சேக்கவா தாத்தா?" என்றாள். "என்ன?" என்றேன். "மெழுகு பூசச் சொன்னது யாரு, விசில் ஊதுனது யாரு." நான்தான். இரண்டும் நான்தான். "அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று சீறினேன். "நீங்க சொல்றத மட்டும்தானே எழுதச் சொன்னீங்க?"

மேனேஜரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ உடனே வேறு ஃபாரம் அனுப்பு. பழையதில் 'தேறவில்லை' எந்தக் கட்டம் என்று அவளைத்தான் காட்டச் சொன்னேன், அதையே காட்டினாள். அவள் விரலை ஓர் அங்குலம் தள்ளி வைத்துக் காட்டியிருந்தால் எனக்கென்ன தெரியப்போகிறது?